பின்னத்தைத் தசமமாக மாற்றுவது எப்படி? ஏக்கர், சென்ட் கணக்கின் வழியே நீள் வகுத்தல் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால் தசம எண்ணும் கூடவே வந்துவிடுகிறது, பேசுகிறவர்கள் அதை அந்தப் பெயரால் சொல்லாவிட்டாலும். நூறு சென்ட் சேர்ந்தது ஓர் ஏக்கர் என்பதால், "இரண்டு ஏக்கர் முப்பத்தேழு சென்ட்" என்று பாலக்கோட்டிலோ பர்கூரிலோ ஒருவர் சொன்னால் அவர் சொல்வது 2.37 ஏக்கர்தான். பட்டாவில் அதே நிலம் ஹெக்டேர், ஏர் என்று எழுதப்பட்டிருக்கும். நூறு ஏர் ஒரு ஹெக்டேர் என்பதால் அதுவும் தசமக் கணக்கே. ஆனால் பாகப்பிரிவினை என்று வந்ததும் பேச்சு பின்னத்துக்கு மாறிவிடுகிறது: எட்டில் மூன்று பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, ஏழு பேருக்கும் சரிசமம். பின்னத்தில் பேசி முடித்த பங்கை ஏக்கராகவும் சென்ட்டாகவும் எழுதியாக வேண்டிய இடத்தில் நமக்குத் தேவைப்படுவது பள்ளியில் படித்த நீள் வகுத்தல்.

அந்த முறையை முதலிலிருந்து இங்கே விளக்குகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் இது பயன்படும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே வலியுறுத்த வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் ஈவின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, மீதியை அடுத்த இலக்கத்துக்குத் தாண்டிப்போகும் வெறும் படிக்கட்டாக நினைத்துவிடுகிறார்கள். கணக்கு முடியுமா, சுழலுமா, எந்த இடத்தில் நிறுத்தலாம், நிறுத்தினால் எவ்வளவு விட்டுப்போகும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை மீதியில்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் மீதியை நோட்டில் தனியாக ஒரு வட்டமிட்டு வைக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திவிட வேண்டும்.

எந்த எண் உள்ளே, எந்த எண் வெளியே

பின்னம் என்பது செய்யாமல் நிறுத்திவைத்த ஒரு வகுத்தல். 3/8 என்றால் 3 ஐ 8 ஆல் வகுக்க வேண்டும் என்று பொருள். மேலே உள்ள தொகுதி வகுத்தல் குறிக்கு உள்ளேயும், கீழே உள்ள பகுதி வெளியேயும் வரும். "பெரிய எண்ணைச் சிறிய எண்ணால்தான் வகுக்க முடியும்" என்று தொடக்க வகுப்பில் மனத்தில் பதிந்துவிட்ட எண்ணத்தால் பல பிள்ளைகள் 8 ஐ உள்ளே போட்டு 3 ஆல் வகுத்து 2.66 என்று விடை எழுதிவிடுகிறார்கள். அதைத் தடுக்க, பேனாவை எடுக்கும் முன்பே விடையின் அளவை ஊகித்துக்கொள்வது நல்லது. தொகுதி பகுதியைவிடச் சிறியதாக இருந்தால், அதாவது தகு பின்னமாக இருந்தால், விடை ஒன்றைவிடக் குறைவாகத்தான் இருக்கும், 2.66 என்று வந்தால் இடம் மாறிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

வகுக்கத் தொடங்கும் முன் பின்னத்தைச் சுருக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். 6/15 ஐ அப்படியே 15 ஆல் வகுத்தாலும் விடை வரும் என்றாலும், 2/5 என்று சுருக்கிக்கொண்டால் ஒரே படியில் 0.4 கிடைத்துவிடும்.

முதல் கணக்கு: 3/8

மூன்று ஏக்கர் நிலத்தை எட்டுப் பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு முழு ஏக்கர் கொடுக்க வழியில்லை என்பதால் ஈவின் முதல் இலக்கம் 0. அதன் பிறகு புள்ளி வைத்து, 3 க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்ஜியத்தைச் சேர்த்து 30 ஆக்குகிறோம்.

இந்தப் பூஜ்ஜியம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு "விதி அப்படித்தான்" என்று பதில் சொல்லக் கூடாது. 3 என்பது 30 ஆகிவிடவில்லை. அளவின் அலகுதான் சிறியதாகியிருக்கிறது. மூன்று முழு ஏக்கரைப் பத்துப் பத்து சென்ட் துண்டுகளாகப் போட்டால் முப்பது துண்டுகள் கிடைக்கும். நிலம் அதேதான், எண்ணும் முறை மாறிவிட்டது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை அடுத்து வரும் ஒவ்வொரு பூஜ்ஜியத்தையும் தானே விளக்கிவிடும்.

30 துண்டுகளில் எட்டுப் பேருக்கும் ஆளுக்கு 3 துண்டு கொடுக்கலாம். 24 போக மீதி 6 துண்டு, அதாவது 60 சென்ட். ஈவில் புள்ளிக்குப் பிறகு 3.

60 சென்ட்டில் ஆளுக்கு 7 சென்ட் கொடுக்கலாம். 56 போக மீதி 4 சென்ட். ஈவில் அடுத்து 7.

4 சென்ட்டை மறுபடியும் பத்தாகப் பகுத்தால் 40 கிடைக்கும். ஒவ்வொன்றும் சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆளுக்கு 5 வீதம் 40 ம் தீர்ந்துவிட, மீதி 0. ஈவில் அடுத்து 5.

எனவே 3/8 = 0.375. ஆளுக்கு முப்பத்தேழரை சென்ட். வட்டமிட்ட மீதிகள் 6, 4, 0. பூஜ்ஜியம் வந்ததும் கணக்கு நின்றுவிட்டது. இத்தகைய விடையை முடிவுறு தசமம் என்கிறோம்.

தச்சுப் பட்டறையிலும் இதே எண் வேறு பெயரில் புழங்குகிறது. ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைத்தான் ஆசாரிகள் ஒரு நூல் என்கிறார்கள். மூன்று நூல் என்பது 0.375 அங்குலம்.

ஈவில் விட்டுப்போகும் பூஜ்ஜியம்

நீள் வகுத்தலில் மிக அதிகமாக மதிப்பெண் பறிபோகும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். 3/40 ஐ எடுத்துக்கொள்வோம்; மூன்று ஏக்கரை நாற்பது சம மனைகளாகப் போடுவதாகக் கொள்ளலாம், பாதைக்கு விடும் இடத்தை இப்போதைக்கு மறந்துவிட்டு.

3 இல் 40 போகாது, ஈவில் 0, புள்ளி. பூஜ்ஜியம் சேர்த்தால் 30. அதிலும் 40 போகாது. இங்கே பிள்ளைகள் அவசரப்பட்டு இன்னொரு பூஜ்ஜியத்தைச் சேர்த்து, 300 இல் 40 ஏழு முறை போகும் என்று எழுதி, 20 மீதிக்கு 200 இல் 5 முறை என்று முடித்து, 0.75 என்று விடை தருகிறார்கள். ஒவ்வொரு பெருக்கலும் சரி, ஒவ்வொரு கழித்தலும் சரி, விடை மட்டும் பத்து மடங்கு பெரிது. ஏழரை சென்ட் மனை எழுபத்தைந்து சென்ட் தோட்டமாகிவிட்டது!

விதி எளியது: கீழே ஒரு பூஜ்ஜியத்தை இறக்கினால் மேலே ஈவில் ஓர் இலக்கம் எழுதியே ஆக வேண்டும். 30 இல் 40 போகவில்லை என்றால் அந்த "போகவில்லை" என்பதையும் 0 என்று எழுதிக் காட்ட வேண்டும். பத்து சென்ட் துண்டு ஒன்றுகூட ஆளுக்குக் கிடைக்கவில்லை என்பதே அந்த 0 வின் பொருள். சரியான விடை 0.075.

இதே தவறு பேச்சுவழக்கிலும் நடக்கிறது. இரண்டு ஏக்கர் ஐந்து சென்ட் என்பதை 2.5 என்று எழுதினால் அது இரண்டரை ஏக்கர். எழுத வேண்டியது 2.05. நாற்பத்தைந்து சென்ட் வித்தியாசம் ஒரு பூஜ்ஜியத்தில் இருக்கிறது. கட்டம் போட்ட நோட்டில், கட்டத்துக்கு ஓர் இலக்கம் வீதம், ஈவின் ஒவ்வோர் இலக்கத்தையும் இறக்கிய பூஜ்ஜியத்துக்கு நேர் மேலே எழுதச் சொன்னால் பெரும்பாலும் இந்தத் தவறு நின்றுவிடும், ஏனென்றால் விட்டுப்போன இடம் காலிக் கட்டமாகக் கண்ணில் படும்.

தகா பின்னத்துக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. 45/16 இல் 16 இரண்டு முறை போகும், மீதி 13. அந்த 2 முழு எண் பகுதி. பிறகு புள்ளி வைத்து 130 இல் 8, மீதி 2. 20 இல் 1, மீதி 4. 40 இல் 2, மீதி 8. 80 இல் 5, மீதி 0. விடை 2.8125. கலப்பு பின்னமாக 2 13/16 என்று கொடுத்திருந்தால், 2 ஐத் தனியாக வைத்துவிட்டு 13/16 ஐ மட்டும் வகுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

மீதி திரும்பி வரும்போது

இரண்டு ஏக்கரை மூன்று பேருக்குப் பிரித்துப் பாருங்கள். 20 இல் 3 ஆறு முறை போகும், மீதி 2. மறுபடியும் 20, மறுபடியும் 6, மறுபடியும் மீதி 2. தொடங்கிய எண்ணுக்கே வந்துவிட்டோம் என்பதால் இனி எத்தனை பூஜ்ஜியம் இறக்கினாலும் 6 தவிர வேறு வராது. 2/3 = 0.666… இதை 0.6 என்று எழுதி 6 இன் தலைமேல் ஒரு கோடு இட்டால் போதும். இது முடிவுறாத சுழல் தசமம்.

இப்போது ஐந்து ஏக்கரும் ஏழு பேரும், அதாவது 5/7. இந்தக் கணக்கை அவசரமில்லாமல், மீதியைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

50 இல் 7 ஏழு முறை, மீதி 1.
10 இல் ஒரு முறை, மீதி 3.
30 இல் நான்கு முறை, மீதி 2.
20 இல் இரண்டு முறை, மீதி 6.
60 இல் எட்டு முறை, மீதி 4.
40 இல் ஐந்து முறை, மீதி 5.

தொடக்கத்தில் நம் கையில் இருந்ததும் 5. எனவே அடுத்த படி மீண்டும் 50 தான். 714285 என்ற ஆறு இலக்கமும் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். 5/7 = 0.714285714285… கோடு ஆறு இலக்கத்தின் மேலும் போக வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சுழற்சி தொடங்கிவிட்டதா என்பதை ஈவை வைத்து முடிவு செய்யக் கூடாது, மீதியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஈவில் ஓர் இலக்கம் இரண்டாம் முறை வந்ததாலேயே சுழற்சி வந்துவிட்டதாகப் பொருளில்லை. ஒரே இலக்கம் வெவ்வேறு மீதிகளிலிருந்தும் வரலாம். ஆனால் மீதி ஒருமுறை திரும்பிவிட்டால், அதே மீதியை அதே எண்ணால் வகுக்கப்போகிறோம் என்பதால், அதற்குப் பிறகு வருவது எல்லாம் முன்பு வந்ததுதான்.

மீதி ஏன் கட்டாயம் திரும்பி வர வேண்டும்? 7 ஆல் வகுக்கும்போது வரக்கூடிய மீதிகள் 0, 1, 2, 3, 4, 5, 6 ஆகியவை மட்டுமே. 0 வந்தால் கணக்கு முடிந்தது. வராவிட்டால் மற்ற ஆறில் ஏதாவது ஒன்று ஏழாவது படிக்குள் திரும்பியே ஆக வேண்டும். ஆகவே எந்தப் பின்னத்தை எடுத்தாலும் அதன் தசமம் ஒன்று முடியும், இல்லையென்றால் சுழலும். மூன்றாவதாக ஒரு வழி கிடையாது. 13 ஐப் பகுதியாகக் கொண்ட 1/13 இல் பன்னிரண்டு மீதிகளுக்கு இடமிருந்தும் ஆறே படிகளில் சுழன்றுவிடுகிறது: 0.076923. அடுத்த பகா எண்ணான 17 அப்படி விடுவதில்லை. 1/17 இல் பதினாறு மீதிகளும் ஒன்றுவிடாமல் வந்துபோன பிறகே, 0588235294117647 என்ற பதினாறு இலக்கத்துக்குப் பிறகே, சுழற்சி தொடங்குகிறது. கைபேசிக் கால்குலேட்டரின் திரையில் இது பெரும்பாலும் அடங்காது. கடைசி இலக்கத்தை அது முழுமையாக்கிக் காட்டிவிடும், சுழற்சி நம் கண்ணுக்கே தெரியாது. தாளில் செய்வதற்கு உள்ள நியாயங்களில் இதுவும் ஒன்று.

ஏழின் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். 5, 1, 3, 2, 6, 4 என்று ஆறு மீதிகளும் ஒரு வட்டமாக வருகின்றன. 3/7 வேண்டுமென்றால் புதிதாக வகுக்க வேண்டியதில்லை; வட்டத்தில் 3 இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி ஈவுகளைப் படித்தால் 428571 கிடைத்துவிடும்.

முதலில் சுழலாமல் பிறகு சுழல்வது

5/12 ஐ வகுத்தால் 50 இல் 4, மீதி 2. 20 இல் 1, மீதி 8. 80 இல் 6, மீதி 8. திரும்பி வந்தது 8 தான், தொடக்கத்தில் இருந்த 5 அல்ல. ஆகவே 4 உம் 1 உம் ஒருமுறை மட்டும் வந்து நின்றுவிடுகின்றன, 6 மட்டும் சுழல்கிறது: 0.41666… கோட்டை 6 க்கு மட்டும் போட வேண்டும், 416 முழுவதற்கும் போடுவது தவறு. எந்த மீதி திரும்பியதோ அந்த மீதியிலிருந்து பிறந்த இலக்கத்தில்தான் கோடு தொடங்கும்.

பன்னிரண்டைப் பகுதியாகக் கொண்ட பின்னம் நம் ஊரில் அடி, அங்குலக் கணக்கில் அன்றாடம் வருகிறது. 24 அடி 5 அங்குலம் என்பது 24 5/12 அடி, அதாவது ஏறத்தாழ 24.4167 அடி. அதைக் கால்குலேட்டரில் 24.5 என்று தட்டினால் ஓர் அங்குலம் கூடிவிடும். 24 அடி 10 அங்குலத்தை 24.10 என்று தட்டுவது இன்னும் மோசம். 10/12 என்பது 5/6, வகுத்தால் 0.8333…, ஆகவே சரியான அளவு 24.8333. மனையின் இன்னொரு பக்கம் 40 அடி என்றால் இந்த ஒரு தவறில் 29 சதுர அடிக்கு மேல் காணாமல் போகும்.

வகுக்காமலே சொல்லிவிட முடியுமா

முடியும். பின்னத்தை முழுவதும் சுருக்கிய பிறகு பகுதியைப் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள். 2 உம் 5 உம் தவிர வேறு எதுவும் இல்லையென்றால் தசமம் முடிவுறும்; 3, 7, 11 போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் சுழலும். காரணம், ஒவ்வொரு படியிலும் நாம் பத்தால் பெருக்குகிறோம், பத்தின் காரணிகள் 2 உம் 5 உம் மட்டுமே. முடிவுறும் தசமத்தில் எத்தனை இலக்கம் வரும் என்பதையும் சொல்லிவிடலாம்: 2 எத்தனை முறை, 5 எத்தனை முறை என்று எண்ணி, இரண்டில் எது அதிகமோ அத்தனை இலக்கம். 40 இல் 2 மூன்று முறை, 5 ஒரு முறை. எனவே 3/40 க்கு மூன்று இலக்கம். 16 இல் 2 நான்கு முறை. எனவே 45/16 க்கு நான்கு இலக்கம். சுருக்காமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, 6/15 இன் பகுதியில் 3 இருப்பதைப் பார்த்து ஏமாந்துபோவோம்.

இந்தச் சோதனையை நம் பழைய கீழ்வாய் இலக்கங்களின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கால், அரை, முக்கால் தவிர, அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. பகுதிகள் எல்லாவற்றிலும் 2 உம் 5 உம் மட்டுமே இருக்கின்றன. முந்திரியை வகுத்துப் பாருங்கள்: ஈவில் இரண்டு பூஜ்ஜியம் போட்ட பிறகு 1000 இல் 320 மூன்று முறை, மீதி 40, 400 இல் ஒரு முறை, மீதி 80, 800 இல் இரண்டு முறை, மீதி 160, 1600 இல் ஐந்து முறை, மீதி 0. விடை 0.003125, சொன்னபடி ஆறு இலக்கம். இங்கே சொன்ன பின்னங்களில் எதுவும் சுழலாது.

அணாவும் அப்படித்தான். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு நயா பைசாவாக மாறியபோது, ரூபாயின் பதினாறில் ஒரு பங்கான அணா 0.0625 ரூபாய், அதாவது ஆறேகால் நயா பைசா ஆயிற்று. நாலணா 25 என்று துல்லியமாக விழ, ஓரணாவில் கால் பைசா தொங்கிக்கொண்டு நின்றது.

எங்கே நிறுத்துவது, மீதியை என்ன செய்வது

சுழல் தசமத்தைப் பத்திரத்தில் எழுத முடியாது. எங்கோ ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். இரண்டு இலக்கத்தில் நிறுத்துவதென்றால் மூன்றாவது இலக்கத்தைக் கண்டுபிடித்து அது 5 ஐ எட்டுகிறதா என்று பார்ப்பது பள்ளி முறை. அதைவிடச் சுருக்கமான வழி, நிறுத்திய இடத்தில் இருக்கும் மீதியை இரட்டித்துப் பார்ப்பது. இரட்டித்தது வகுக்கும் எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் கடைசி இலக்கத்தோடு 1 கூட்ட வேண்டும்; குறைவாக இருந்தால் அப்படியே விட வேண்டும். 5/7 இல் 0.71 வரை வந்தபோது மீதி 3. இரட்டித்தால் 6, ஏழைவிடக் குறைவு, எனவே 0.71. 2/3 இல் 0.66 வரை வந்தபோது மீதி 2. இரட்டித்தால் 4, மூன்றைவிடக் கூடுதல், எனவே 0.67.

பரீட்சைத் தாளுக்கு இது போதும். நிலத்துக்குப் போதாது. மூன்று பேருக்கும் 0.67 ஏக்கர் என்று எழுதிக் கூட்டினால் 2.01 ஏக்கர் வருகிறது. இருப்பதோ இரண்டே ஏக்கர். இல்லாத ஒரு சென்ட், 435.6 சதுர அடி, காகிதத்தில் முளைத்துவிட்டது. ஏழு பேருக்கும் 0.71 என்று எழுதினால் 4.97 தான் வரும், மூன்று சென்ட் யாருக்கும் இல்லாமல் நிற்கும். வகுத்தலில் வட்டமிட்டு வைத்த மீதி 3 அதே மூன்று சென்ட்தான், 1306.8 சதுர அடி, அரை கிரவுண்டுக்கும் மேல். கேழ்வரகும் கொள்ளும் விதைக்கிற மானாவாரிக் காட்டில் மூன்று சென்ட் போனால் போகட்டும் என்று சொல்லும் பெரிய மனசுக்காரர் இருக்கலாம். ஓசூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய இடத்தில் அப்படி ஒருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு இலக்கம் நீட்டினால் நிலைமை மாறுகிறது. 0.7142 இல் நிறுத்தினால் மீதி 6, அதாவது பத்தாயிரத்தில் ஆறு பங்கு ஏக்கர், சுமார் 26 சதுர அடி. 0.7143 என்று முழுமையாக்கினால் ஏழு பங்கும் சேர்ந்து 5.0001 ஏக்கர், கூடுதல் நாலரை சதுர அடிக்கும் குறைவு. ஆகவே பங்கு பிரிக்கும்போது இரண்டு விஷயங்களைச் செய்வது நல்லது என்பது என் கருத்து: பத்திரத்தில் "ஏழில் ஒரு பங்கு" என்று பின்னத்தையும் எழுதி, பக்கத்தில் தசம அளவையும் எழுதுவது, தசமத்தை முழுமையாக்காமல் வெட்டி நிறுத்தி, மிஞ்சிய துண்டைப் பொதுப் பாதைக்கோ கிணற்றடிக்கோ ஒதுக்குவது. பின்னம் பிழைபடாது, தசமம் அளக்க உதவும்.

கடைசியாக விடையைச் சரிபார்க்கும் முறை. ஈவைப் பகுதியால் பெருக்கி, நின்ற இடத்து மீதியை அதன் இடமதிப்போடு கூட்டினால் தொகுதி துல்லியமாகக் கிடைக்க வேண்டும். 0.71 ஐ 7 ஆல் பெருக்கினால் 4.97, மீதி 3 நூறில் ஒன்றாம் இடத்தில் நிற்பதால் அதன் மதிப்பு 0.03, இரண்டையும் கூட்டினால் 5. நான்கு இலக்கத்தில் நிறுத்தியிருந்தால் 4.9994 உடன் 0.0006. பிள்ளை 3/40 க்கு 0.75 என்று எழுதிக்கொண்டு வந்தாலும் இதையே செய்யச் சொல்லுங்கள்: 0.75 ஐ 40 ஆல் பெருக்கினால் 30 வரும், 3 வராது. தவறு எங்கே என்று அதுவே தேடத் தொடங்கிவிடும்.